மூன்றாவது கியர்

ராய்ஸின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
காளை ஒன்று கேட்டோடு வைத்து நசுக்கியது,
ஏப்ரல் கடைசியில்.
எனக்கோ கிளட்சின் அடிவரை கால் எட்டாது.
ஓட்டுநர் இருக்கை அவன் நீளத்துக்கே
துருப்பிடித்து நின்று ஒன்பது வருடம்.
ஆகவே காலும் ஸ்டியரிங்கும் அவனுக்கு,
கியர் எனக்கு.
வக்கீல்கள் எழுதிய எந்தத் தாளிலும்
இப்படியொரு பாகப்பிரிவினை இல்லை.

பின்னால் டிரெய்லரில் என் பங்கு:
பதினான்கு சினைக் கிடாரிகள்.
இரும்பும் சதையுமாய் ஒன்பது டன்.
பஃபலோவில் தொடங்கி பிக்ஹார்ன் மலையேறி
டென் ஸ்லீப்பில் இறங்க வேண்டும்,
என் தங்கை ராண்டாவின் பண்ணைக்கு.

"இப்போ" என்பான்.
தள்ளுவேன்.
"ம்" என்பேன்.
கிளட்சை விடுவான்.
ஆறு மாதத்தில் இவ்வளவு பேசியதில்லை நாங்கள்.

ஏற்றத்தில் முக்கியது டீசல்.
புகைச்சூடு காட்டும் முள் ஆயிரத்து இருநூறைத் தொட
அவன் கால் தானாகத் தளர்ந்தது.
நாலாவது இனி இழுக்காது என்பது
இருவருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது.
ஒரு மோட்டார்ஹோம் எங்களை முந்திப் போனது.
ஓட்டிய கிழவர் கையசைத்தார்,
கணவன் மனைவி என்று நினைத்திருப்பார்.
வெள்ளிக்கிழமை வரை அது சரிதான்.

உச்சியில் மே மாதத்திலும் அழுக்குப் பனி.
இறங்கி டயர்களை உதைத்துப் பார்த்தான்.
ஹப்புகளில் நான் புறங்கை வைத்துப் பார்த்தேன்.
ஏறின கியரிலேயே இறங்க வேண்டும்,
அவனுக்குத் தெரியாததா.
ஆனாலும் நாலாவதில் இறங்கவிட்டான்.
வீம்போ, வலியோ,
சீக்கிரம் முடிந்தால் போதும் என்றோ.

மூன்றாம் வளைவில் பிரேக் தீயும் வாடை.
டிரெய்லர் எங்களைத் தள்ளத் தொடங்கியது,
முதுகில் கைவைத்து வாசலுக்கு வெளியே
அனுப்புவது போல.
"இப்போ."
நாலிலிருந்து உருவினேன்.
மூன்று வாங்கவில்லை.
நறநற.

நியூட்ரல்.

எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும்
ஒட்டுமில்லை உறவுமில்லை.
ஒன்பது டன் சும்மா உருள்கிறது.
வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் வெறும் நீலம்.
பின்னால் ஒரு கிடாரி அடித்தொண்டையில் கத்தியது.
அவன் ஆக்ஸிலேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.
எஞ்சினின் ஓலம் மேலே மேலே ஏறி
சக்கரத்தின் வேகத்தைத் தொட்டுப்போகும் ஓரிடம் உண்டு,
காதுக்கு மட்டும் தெரியும் இடம்.
அவன் வாய் திறக்கவில்லை.
தள்ளினேன்.
விழுந்தது.
'டக்' என்றுகூட இல்லை.

எக்ஸாஸ்ட் பிரேக் இருமி இருமி
வண்டியைப் பிடித்து நிறுத்தியது.
கிடாரிகள் முன்சுவரில் சரிந்து நிமிர்ந்தன.
சிவந்த பாறைகள் வரும்வரை
நாபிலிருந்து என் கையை எடுக்கவில்லை.
மாவுக்கட்டு என் முழங்கையில்
இடித்தபடியே வந்தது.
நகர்த்திக்கொள்ள அவனுக்கு இடமிருந்தது.

ராண்டா கேட்டைத் திறந்தாள்.
இறங்கியவற்றை எண்ணினேன்: பதினைந்து.
மறுபடி எண்ணினேன்.
நெற்றியில் வெள்ளைச் சுழியோடு ஒன்று,
அவன் பங்கில் போனது.
இரண்டு பனிக்காலம் முன்
சமையலறைத் தரையில் போட்டு,
தலை துவட்டும் மெஷினால் சூடேற்றி
விடிய விடிய நான் பிழைக்கவைத்தது.
"கணக்கு தப்பிடுச்சு போல" என்றான்,
டயரைப் பார்த்து.

"திரும்பிப் போகையில் எப்படி மாத்துவே?"
"காலி வண்டிதானே. ரெண்டுல எடுத்தாப் போதும்.
முட்டியால ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு
இடது கையக் குறுக்கே நீட்டிக்குவேன்."

காலி டிரெய்லர் தகரம் கொட்டிக்கொண்டு போகிறது.
காப்பி ஆறுது என்கிறாள் ராண்டா.
இரண்டாவதிலேயே கதறுகிறது வண்டி,
கேட் தாண்டி, வாய்க்கால் பாலம் தாண்டி,
இன்னும் இரண்டாவதிலேயே.

"இப்போ" என்றேன், இங்கிருந்து.

பல் கடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது.
பிறகு மூன்று.